கண்ணாடிக்குள் இருந்த பின்னல்

அந்த ஸ்டுடியோவில் செத்துப்போன ஆண்கள் எல்லோருக்கும் ஒரே கோட்டுதான். கருநீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, சாய்வாகக் கோடு போட்ட சிவப்பு டை. முதலாளி தன் கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டது. அதைத் தானே மாட்டிக்கொண்டு நின்று படம் எடுத்து, தலையை மட்டும் வெட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் பனியனோடு மூட்டை தூக்கியவரும், சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போடும் வாத்தியாரும், செத்த மறுவாரமே அந்தக் கோட்டுக்குள் புகுந்து வீட்டுச் சுவரில் ஏறிவிடுவார்கள். கழுத்துக்கு மேலே அவரவர் முகம். கழுத்துக்குக் கீழே எல்லோரும் முதலாளி.

"நம்ம கோட்டைப் போடாம இந்தப் பக்கம் ஒருத்தன் போய்ச் சேர்ந்ததில்ல," என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

தலையை வெட்டிக் கோட்டில் ஒட்டுகிற வேலை டச்சக்காவுடையது. படங்களுக்கு டச்சிங் செய்வதால் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. யாரும் ஏன் என்று கேட்பதையும் விட்டுவிட்டார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அம்மைத் தழும்பை அழிப்பாள், வழுக்கையில் முடி வைப்பாள், மூடிய கண்ணைத் திறப்பாள். செத்தவர்களோடு பழகிப் பழகி உயிரோடு இருப்பவர்களிடம் பேச்சு குறைந்துபோனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லாரி ஓட்டுகிற ஒருவன் வந்தான். கூடவே அவன் அம்மா. அம்மா கடைக்குள் வரவில்லை. வாசல் படியிலேயே, மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

லாரிக்காரன் ஒரு செல்போனை நீட்டினான். அது அவனுடையது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. உறையில் சின்னச் சின்ன மணிகள் ஒட்டியிருந்தன. அதில் ஒரு படம். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி ஓர் அறையில் நிற்கிறாள். ஒரு தோளுக்கு முன்னால் கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது. கண்ணில் மை. காதில் பச்சைக்கல் தோடு. யாரோ சிரிக்கச் சொல்லி, அவள் சிரிக்க ஆரம்பிக்கும் முன்பே எடுத்துவிட்ட மாதிரி ஒரு முகம்.

"யாருங்க இது?" என்றார் முதலாளி.

"தம்பி." லாரிக்காரன் குரலைத் தாழ்த்தினான். "வெளியூர்ல இருந்தான். போன வாரம் காய்ச்சல்ல போயிட்டான். முடியெல்லாம் எடுத்துடுங்க. தோட்டை எடுத்துடுங்க. கண்ணுல இருக்கறதையும். ஒரு கோட்டு போட்டுக் கொடுங்க."

"பழைய படம் எதுவும் இல்லையா, ஆம்பளையா இருந்தப்ப எடுத்தது?"

"வீட்டை விட்டுப் போன அன்னைக்கு எல்லாத்தையும் அவனே கிழிச்சுப் போட்டுட்டான்."

முதலாளி ஆர்டர் சீட்டை எடுத்தார். சீட்டில் மூன்றே கட்டங்கள்: ஆண், பெண், குழந்தை. அவர் பேனா ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு முதல் கட்டத்தில் டிக் போட்டது.

"இன்னொண்ணு," என்றான் லாரிக்காரன். "பின்னாடி அந்த நீலத் திரையைப் போடாதீங்க. எல்லாருக்கும் அதைத்தான் போடறீங்க. ஸ்டுடியோவுல செஞ்சதுன்னு சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சுடும். ரூம் அப்படியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றாங்க."

படம் கம்ப்யூட்டருக்கு மாறியதும் அவன் போனில் இருந்ததை அழித்தான். படத்தை மட்டும் இல்லை, போனில் இருந்த எல்லாவற்றையுமே அழித்துவிட்டான். அதற்கப்புறமும் அவன் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு டச்சக்காவின் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

எந்தப் படத்தைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு நகல் எடுத்து வைப்பது அவள் பழக்கம். அன்று கழுத்துக்குப் பின்னால் அவன் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தான். அவள் நகல் எடுக்கவில்லை. கூந்தலில் தொடங்கினாள். தோளில் கிடந்ததை அழித்து, காதை ஒட்டி வெட்டி, கிருதா வைத்தாள். தோட்டை எடுத்தாள். காது ஓட்டையைத் தோல் நிறத்தால் மூடினாள். மையைக் கரைத்தாள். புருவத்தைத் தடிக்க வைத்தாள். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க அந்த முகம் பின்வாங்கிப் போவது மாதிரி இருந்தது, கூப்பிட்டும் நிற்காமல் நடந்துபோகிற ஆளைப் போல. எத்தனையோ பேரை அவள் கோட்டுக்குள் அனுப்பியிருக்கிறாள். செத்த பிறகு ஒருவர் இன்னொரு தடவை சாவதை அன்றுதான் பார்த்தாள்.

"இப்பதான் எங்கப்பா ஜாடை வருது," என்றான் லாரிக்காரன். "சேவ் பண்ணுங்க."

பண்ணினாள்.

வெள்ளிக்கிழமை பிரிண்ட் வந்தது. முதலாளிக்கு எல்லாப் படமும் வெளிச்சமாக இருக்க வேண்டும். "செத்தவங்க இருட்டுல நிக்கக் கூடாது" என்று சொல்லிப் பிரிண்ட் போடும்போது ஒரு படி கூட்டிவிடுவார். அன்றும் கூட்டிவிட்டு, சட்டம் போட்டு மாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மத்தியான வெயில் கடைக்குள் சாய்ந்து சுவரில் விழுந்தது. டச்சக்கா தற்செயலாக நிமிர்ந்தாள்.

கோட்டுப் போட்ட வாலிபனுக்குப் பின்னால் ஒரு பீரோ. பீரோவில் நீளக் கண்ணாடி. கம்ப்யூட்டரில் அது வெறும் இருட்டாகத்தான் தெரிந்தது. இப்போது வெளிச்சம் கூட்டியதில் கண்ணாடிக்குள் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கூந்தலில் பாதியைத்தான் முன்னால் போட்டிருந்தாள் போல. மீதி ஒற்றைப் பின்னலாக இடுப்பு வரைக்கும் தொங்கியது. பின்னல் நுனியில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம். காதோரம் ஒரு பச்சைப் புள்ளி.

முன்னால் நிற்பவனைத் திருத்தியிருக்கிறாள். பின்னால் நிற்பவளைத் தொடவே இல்லை. பதினைந்து வருஷத்தில் ஒரு படத்திலும் ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததில்லை. தலையை மட்டும் வெட்டி எடுப்பாள், மீதியெல்லாம் நீலத் திரைக்குப் போய்விடும். கண் அப்படியே பழகிவிட்டது. இந்த ஒரு படத்தில்தான் தலையைக் கோட்டுக்குக் கொண்டுபோகாமல், கோட்டைத் தலைக்குக் கொண்டுவந்திருந்தாள்.

பத்து நிமிஷ வேலை. கண்ணாடியை இருட்டாக்கினால் தீர்ந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திறந்தும் விட்டாள்.

"அம்மாடி."

வாசலில் லாரிக்காரனின் அம்மா, அதே துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நாளைக்கு அவன் வந்து எடுத்துட்டுப் போயிடுவான். அதுக்கு முன்னாடி தனியா ஒரு தடவை பார்த்துக்கறேன். நாலு வருஷமாச்சு என் பிள்ளை மொகத்தைப் பார்த்து. கடைசியிலயும் பார்க்கல. பெரியவன் மட்டும் போய் அங்கேயே எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்துட்டான். நீ பார்க்க வேணாம்மா, பார்த்தா தாங்க மாட்டேன்னு சொல்லிட்டான்."

டச்சக்கா விலகி நின்றாள்.

அம்மா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இவன் எங்கே கோட்டுப் போட்டான் அம்மாடி? பள்ளிக்கூடத்து டையைக் கட்டச் சொன்னாலே கழுத்தை நெரிக்குதுன்னு அழுவான்." முகத்தைத் தொடப் போனவள் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்கான். இவன் அவர் மாதிரி இருந்ததே இல்ல. என்னை மாதிரிதான்."

பிறகு அவள் பார்வை நகர்ந்தது. கழுத்தை முன்னால் நீட்டினாள்.

"இது யாரு, பின்னாடி?"

டச்சக்காவின் பார்வை திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குப் போனது.

"ஒரு பொண்ணு நிக்குதே. பின்னலைப் பாரேன், எவ்வளவு நீளம்." அம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. டச்சக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "அப்ப என் பிள்ளைக்கு ஒருத்தி இருந்திருக்கா. நான் என்னென்னவோ நினைச்சேன் அம்மாடி. தெருவுல என்னென்னவோ சொன்னாங்க. அவன்கிட்டயே நேராக் கேட்டேன், ஏன்டா உனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்குமா, கல்யாணம் பண்ணா சரியாயிடும்டான்னு. அது இல்லம்மா, அது இல்லம்மான்னு தலையில அடிச்சுக்கிட்டான். அது இல்லன்னா வேற என்னன்னு எனக்குப் புரியல. இப்ப பாரு. ஒருத்தி இருந்திருக்கா. இந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கும்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மா சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். டச்சக்கா வாயைத் திறந்தாள். கண்ணாடிக்குள் நின்றவள் தன் பதிலுக்காகக் காது கொடுத்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது.

"அம்மா... அது வேற யாரும் இல்லம்மா."

"பின்ன?"

"கண்ணாடியில தெரியறது. முன்னாடி நிக்கறவங்களோட முதுகு. நான் முன்னாடி இருந்த முடியைத்தான் அழிச்சேன். பின்னாடி இருந்ததைக் கவனிக்கல."

அம்மா படத்தைப் பார்த்தாள். டச்சக்காவைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து துணிப்பையை அவிழ்த்தாள். உள்ளே ஒரு டப்பா. டப்பாவுக்குள் நான்காய் மடித்த தாள். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

"போறதுக்கு முந்தின நாள் கொடுத்தான். எனக்குப் படிக்கத் தெரியாது. யார்கிட்டயும் காட்டாதம்மா, நானே வந்து படிச்சுச் சொல்றேன்னான். பெரியவன்கிட்டகூடக் காட்டல. வருவான், வருவான்னு வெச்சிருந்தேன். இனிமே நீதான் படி."

நீல மையில், வரி பிசகாத கையெழுத்து. டச்சக்கா படித்தாள்.

"அம்மாவுக்கு. நேற்று நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது. அதனால் எழுதுகிறேன். நீ கேட்டது, யார் மேல் ஆசை வருகிறது என்பதைப் பற்றி. அதற்குப் பாலீர்ப்பு என்று பேர். ஆணுக்குப் பெண் மேல் வரும், ஆண் மேலும் வரும். பெண்ணுக்குப் பெண் மேலும் வரும். சிலருக்கு இருவர் மேலும் வரும், சிலருக்கு யார் மேலும் வராது. யாருக்கு எப்படி வந்தாலும் அது நோய் இல்லை."

டச்சக்கா படிப்பதை நிறுத்தினாள். பிறகு, "பெண்ணுக்குப் பெண் மேலும் வரும்," என்று இன்னொரு தடவை படித்தாள்.

"அதை ஏன் ரெண்டு தடவை படிச்சே?"

"வரி தவறிடுச்சும்மா."

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "தவறட்டும். மேல படி."

"ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை அம்மா. தான் யார் என்று ஒருவருக்கு உள்ளே தெரிகிறதே, அது வேறு. அதற்குப் பாலின அடையாளம் என்று பேர். நான் பிறந்ததும் பையன் என்று டாக்டர் சொன்னார், நீயும் நம்பினாய், நானும் நம்பப் பார்த்தேன். முடியவில்லை. நான் பெண். என்னைப் போன்றவர்களைத் திருநங்கை என்பார்கள். பெண் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஆணைத் திருநம்பி என்பார்கள். இரண்டிலும் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். அண்ணன் என்னைச் சொல்கிற வார்த்தை தெருவில் பொறுக்கியது, அதை நீ எடுத்துக்கொள்ளாதே. இதெல்லாம் உனக்கு மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று செய். நான் திரும்பி வரும்போது, வாடா என்று சொல்லாமல் வாடி என்று சொல். அதற்குப் பிறகு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்."

அம்மா அழவில்லை. மடியில் கிடந்த தன் கைகளை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மருந்துச் சீட்டுன்னு நினைச்சேன் அம்மாடி," என்றாள். "நாலு வருஷமா மருந்துச் சீட்டுன்னு நினைச்சு, நனையாம வெச்சிருந்தேன்."

பிறகு கண்ணாடிக்குள் இருந்தவளைக் காட்டினாள். "இவளைத் திருப்ப முடியுமா?"

"முடியாதும்மா. அந்த முகத்தை நான்தான் அழிச்சேன். நகல் எடுத்து வைக்கல. திரும்ப வரையலாம், ஆனா அது நான் வரைஞ்ச முகமாத்தான் இருக்கும். உங்க பொண்ணு முகமா இருக்காது."

உங்க பொண்ணு என்றபோது அம்மா படத்தை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

டச்சக்கா கம்ப்யூட்டரில் கண்ணாடியை மட்டும் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பின்னலுக்கு அப்பால், இருட்டில், இரண்டு கைகள் தெரிந்தன. ஒரு போனை உயர்த்திப் பிடித்த கைகள். மணிக்கட்டு நிறைய வளையல்.

"யாரோ எடுத்திருக்காங்க," என்றாள். "கூட இருந்தவங்க. இவங்க தன் கையாலயே எடுத்திருந்தா எதிர்ப்பக்கத்துல இந்த வளையல் கை தெரியாது. அவங்ககிட்ட வேற படம் இருக்கும்மா."

அம்மா எழுந்துகொண்டாள். "கண்ணாடியை மட்டும் தனியாப் போட்டு எனக்கொரு சட்டம் போட்டுக் கொடு. எடுத்த கையும் அதுல இருக்கட்டும்."

சனிக்கிழமை லாரிக்காரன் அம்மாவோடு வந்தான். பெரிய படத்தைக் கையில் வாங்கியதுமே அவன் கண்ணுக்குப் பட்டுவிட்டது.

"இது என்னங்க? இதை அழிக்கலையா?"

முதலாளி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா டச்சு," என்று இழுத்தார்.

"கண்ணுல படல சார்," என்றாள் டச்சக்கா.

"இப்ப பட்டுடுச்சுல்ல. அழிங்க."

"அழிக்காத," என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. "அழிச்சா, நாளைக்கு வர்றவங்க நடுவுல இந்தத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன்."

"என்ன தாள்?"

அவன் வாங்கிப் படித்தான். பாதிக்கு மேல் அவன் உதடு அசைவது நின்றது. தாளை மடிக்கத் தெரியாமல் மடித்து மேஜை மேல் வைத்தான்.

"சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். அவ இருந்த வீடு எங்க?"

அவன் கோட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆஸ்பத்திரியில ஆம்பளைங்க வார்டு முழுக்கத் தேடினேன்," என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. "பேரைச் சொல்லிக் கேட்டேன். அப்படி யாருமே இல்லன்னுட்டாங்க. ஒரு மணி நேரம் நின்னேன். அப்புறம் பொம்பளைங்க வார்டுலேர்ந்து வளையல் போட்ட ஒருத்தங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க. அங்க வேற பேர்ல இருந்தது. கண்ணு திறந்துதான் இருந்துச்சும்மா. என்னைப் பார்த்து, அம்மா வரலையான்னு கேட்டுச்சு. நான் பதில் சொல்லல."

சுவரில் வரிசையாக இருந்த கோட்டுக்காரர்கள் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"என்ன பேரு?" என்றாள் அம்மா.

அவன் குனிந்து அவள் காதில் சொன்னான். அவள் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு அவன் ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் ஊரையும் தெருவையும் எழுதிக் கொடுத்தான்.

"நாளைக்கு எல்லாரும் வருவாங்களேம்மா. நீ இல்லாம எப்படி?"

"கோட்டை மாட்டி வெச்சு நீ உட்கார்ந்திரு. யார் கேட்டாலும், அம்மா பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லு."

கண்ணாடியை மட்டும் போட்ட சின்னச் சட்டத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அம்மா படியிறங்கிப் போனாள். லாரிக்காரன் பெரிய படத்தைத் தூக்கினான். கண்ணாடியை அழிக்கச் சொல்லி அதன்பிறகு அவன் வாய் திறக்கவில்லை. போகும்போது, சுமையைத் தூக்குபவன் மாதிரி படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

அவர்கள் போன பிறகுதான் டச்சக்கா கவனித்தாள். அந்தத் தாள் மேஜை மேலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்குப் போகிற பக்கம் இருந்த பஸ் நிறுத்தத்தில் அம்மா இல்லை. எதிர்ப்பக்கம், வெளியூர் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சட்டம். அதைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத்தில் பழுப்பு அட்டையும் நான்கு ஆணியும்தான் இருந்தன. மறுபடி முன்பக்கம் திருப்பினாள். முதுகு, பின்னல், பச்சைப் புள்ளி. மறுபடி பின்பக்கம். எத்தனை தடவை திருப்பினாளோ.

டச்சக்கா தாளை நீட்டினாள்.

"நீ வெச்சுக்க," என்றாள் அம்மா, நிமிராமலே. "எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. நீ தவறவிட்ட வரி ஒண்ணு இருக்கு அதுல."

பஸ் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அம்மா ஏறவில்லை. சட்டத்தை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையை எழுப்புவது மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"திரும்புடி. அம்மா வந்திருக்கேன்."

நடத்துநர் விசில் ஊதினார். அவள் ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்துவிட்டு, சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து, கடைசி ஆளாக ஏறினாள்.